அயல்நாட்டில் ஊழிய ஆண்டு: முதல் நாட்களின் பாடம்

(கழகத்தின் வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

இக்கழகத்தின் மாலைப் பள்ளியில் பாயில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அந்தப் பள்ளியில் படித்தவர்களுள் அயல்நாட்டில் ஓராண்டு ஊழியம் செய்து திரும்பியவள் என்பதால், அவ்வனுபவத்தை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று செயலாளர் ஐயா பணித்தார். ஓராண்டின் கதை முழுவதையும் சொல்ல நேரம் போதாது. ஆதலின், அங்கே போய்க் குடியமர்ந்த முதல் சில வாரங்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அயல்நாட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் சிலர் தளர்ந்து போவதும், சிலர் நிமிர்ந்து நிற்பதும் அந்த முதல் வாரங்களிலேதான் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

ஊழிய ஆண்டு என்றால் என்ன? முற்காலத்தில் மிஷனரிமார் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வாழ்நாள் முழுவதற்குமாக இங்கு வந்தார்கள். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கையும் புளூட்சோவையும் நாம் அனைவரும் அறிவோம். இக்காலத்தில் இளைஞர்கள் ஓராண்டுக்கு மட்டும் வேறொரு நாட்டுத் திருச்சபையின் விருந்தினராகச் சென்று, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, ஊனமுற்றோர் இல்லம் போன்ற இடங்களில் பணியாற்றுகிறார்கள். ஜெர்மனியில் இளைஞர்களின் தன்னார்வச் சமூகப் பணி ஆண்டுக்கென 1964இலேயே சட்டம் இயற்றப்பட்டது. கட்டாய இராணுவச் சேவை 2011இல் நிறுத்திவைக்கப்பட்டபோது, அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அரசே நடத்தும் தன்னார்வப் பணித்திட்டம் ஒன்றும் தொடங்கியது. தங்குமிடமும் உணவும் சிறிது கைச்செலவுப் பணமும் உண்டு. அது சம்பளம் அன்று. இன்று இந்தப் பாதை இருவழிப் பாதை. அங்கிருந்து இங்கு வருவது போலவே, இங்கிருந்தும் அங்கே போகிறார்கள்.

நான் சென்றது 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். சாக்சனி மாநிலத்தின் ஒரு சிறு நகரத்துக்கு. வயல்வெளியின் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் எலும்பைத் தொட்டது. மாலை உணவாக வைத்த ரொட்டியும் பாலாடைக் கட்டியும் குளிர்ந்தே இருந்தன. அங்குப் பகலில்தான் சூடான சாப்பாடு; மாலையில் அடுப்பு மூட்டாத வீடுகளே மிகுதி. ஒரு கரண்டி ரசத்துக்கு ஏங்கி முதல் வாரம் மூன்று இரவுகள் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாளை போகும் தம்பி தங்கைகளும் அழுவார்கள். அழுகை தோல்வி அன்று என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

போன சில நாட்களில் வந்தது உயிர்த்தெழுந்த திருநாள், மார்ச்சு 27. காலை வழிபாட்டுக்கு என் தந்தையார் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்துக்குப் புறப்பட்டேன். ஆலயத்தை அடைந்தபோது மக்கள் கைகுலுக்கி வெளியே வந்துகொண்டிருந்தார்கள்! ஐரோப்பாவில் ஆண்டுதோறும் மார்ச்சுக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள் என்பதும், அவ்வாண்டு அந்த ஞாயிறே திருநாளாக அமைந்தது என்பதும் எனக்குத் தெரியாது. போதகர் சிரித்துக்கொண்டே மீண்டும் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்று எனக்காகத் தனியே ஒரு ஜெபம் செய்தார். அன்று ஒன்று கற்றேன். நம் கடிகாரம் பழுதாயிராது. ஆனாலும் போன இடத்தின் நேரம் வேறாயிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தாழ்வில்லை.

அடுத்த நிகழ்ச்சியை நான் என்றும் மறவேன். அந்நாட்டில் குடிபுகுவோர் இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். அங்குள்ள படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் உண்டு. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருந்தது என் தந்தையாரின் பெயர். அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, ‘ஃப்ராவ்’ என்னும் மரியாதைச் சொல்லை முன்னே வைத்து, என் தந்தையாரின் பெயரைச் சொல்லி என்னை அழைத்து, நாற்காலியைக் காட்டி அமரச் சொன்னார்.

இளைஞர்களே! என் தந்தையார் பண்ணையாளின் மகன். அவருடைய பெயரைப் பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பிள்ளையும் ‘டா’ போட்டு அழைத்ததை என் காதால் கேட்டு வளர்ந்தவள் நான். அறுபதை நெருங்கும் வரையில் அப்பெயரின் முன் மரியாதைச் சொல் ஒன்றை எந்த அலுவலகமும் வைத்ததில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முன்பின் அறியாத ஒருவர் வாயில் அது மரியாதையோடு ஒலித்தபோது, எனக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை. அலுவலர், மொழி புரியவில்லை போலும் என்று எண்ணி மீண்டும் மெதுவாக அப்பெயரைச் சொன்னார்.

அம்மொழியிலும் நம் மொழியைப் போலவே ‘நீ’யும் உண்டு, ‘நீங்கள்’ என்பதும் உண்டு. ஆனால் அறிமுகமில்லாத பெரியவர் எவராயினும், அவர் மருத்துவராயினும் தரை துடைப்பவராயினும், ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இல்லத்தின் மேலாளர் துப்புரவுப் பணியாளரை ‘நீங்கள்’ என்று அழைத்ததை நான் நாள்தோறும் கேட்டேன். நம் தமிழுக்கு அந்தச் சொல் இல்லாமலில்லை. அதை யாருக்கு வழங்குவது என்பதில்தான் நம் ஊரின் குற்றம் இருக்கிறது.

அங்கே அஞ்சல்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அஞ்சல் பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் சேரும். ஆகவே நான் தங்கியிருந்த வீட்டு அம்மையார் ஒரு சிறு தாளில் என் தந்தையாரின் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டினார். செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்க உரிமையற்றிருந்த ஒரு குடும்பத்தின் பெயர் அந்த அயல்நாட்டுத் தெருவில் ஓராண்டு இருந்தது.

இனிப் பணியைப் பற்றிச் சொல்கிறேன். என்னை அனுப்பிய இடம் முதியோர் இல்லம். காலை ஆறரை மணிக்கு வேலை தொடங்கும். முதல் நாள் தலைமைச் செவிலியர் கையுறையும் மேலங்கியும் தந்து, எழுந்திருக்க இயலாத ஒரு மூதாட்டியின் அறைக்கு அழைத்துச் சென்றார். அவரைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். கழிவை அப்புறப்படுத்த வேண்டும். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நான் நின்றதன் காரணம் அருவருப்பு அன்று. என் அப்பாயியின் முகம் கண்முன் வந்தது. பண்ணை வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டு, கொல்லை வாசலில் ஊற்றிய கூழை ஏந்திக் குடித்தவர் அவர். அந்த வேலையிலிருந்து எங்களை மீட்பதற்காகவே என் தந்தையார் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். இக்கழகமும் எனக்குப் படிப்புத் தந்தது. பட்டம் பெற்று, வானூர்தி ஏறி, கடல் கடந்து வந்து, மீண்டும் அதே வேலைக்கா நான் வந்து நிற்கிறேன் என்று என் நெஞ்சம் கேட்டது.

அன்றிரவு தொலைபேசியில் தந்தையாரிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அம்மாடி, அப்பாயி செஞ்சது வேற, நீ செய்யறது வேற. அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வழியில்ல. உனக்கு இருக்கு. பிடிக்கலேன்னா திரும்பி வந்துடு. ஆனா அந்தக் கிழவி மேல மனசுல கோபம் வச்சுக்கிட்டு வேலை செய்யாதே.”

எழுத்தறியாத அவர் சொன்னதை மறுநாளிலிருந்து நான் கண்ணால் கண்டேன். கதவைத் தட்டி அனுமதி பெற்ற பிறகே அறைக்குள் நுழைய வேண்டும். தொடுமுன் என்ன செய்யப் போகிறோம் என்று அம்முதியவரிடம் சொல்ல வேண்டும். கழுவாத பகுதியைத் துணியால் மூடி அவருடைய மானத்தைக் காக்க வேண்டும். இதற்கெல்லாம் மூன்றாண்டுப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஆளைத் தூக்கக் கருவி உண்டு. கைக்கு உறை உண்டு. வேலைக்கு நேர வரையறை உண்டு. தலைமைச் செவிலியரே முழங்காலிட்டுத் தரையைத் துடைத்தார். உணவு நேரத்தில் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அவர் மகளோ வேறொரு நகரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். தாயின் தொழில் மகள் தலையில் இறங்கவில்லை.

ஆக, வேறுபாடு வேலையில் இல்லை. பிறப்பால் சுமத்தியதா, விருப்பால் ஏற்றதா? கருவியோடு செய்வதா, வெறுங்கையால் செய்வதா? செய்தபின் ஒரே மேசையில் உண்பதா, கொல்லை வாசலில் ஏந்துவதா? விட்டு விலக உரிமை உண்டா, இல்லையா? இந்தக் கேள்விகளில்தான் ஊழியமும் அடிமைத்தனமும் பிரிகின்றன.

இதை ஒருவரும் தவறாகப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லாத் தொழிலும் உயர்ந்தது என்று மேடையில் பேசுவோர் நம் நாட்டில் பலர். அத்தொழிலைத் தம் பிள்ளைக்குத் தருவோர் எவருமிலர். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் வந்தன. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் நம் சகோதரர்கள் மூச்சடைத்து மடிந்திருக்கிறார்கள். நான் அங்கே விரும்பிச் செய்ததைக் காட்டி, இங்கே விரும்பாமல் செய்வோரைப் பொறுமையாயிருங்கள் என்று எவரும் சொல்ல நான் இடம் தர மாட்டேன்.

அந்நாடு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2015இல் மட்டும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் அங்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் 2014 அக்டோபரிலிருந்து அயலார்க்கு எதிராகத் திங்கட்கிழமை ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. டிராம் வண்டியில் நான் அமர்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்து போனதுண்டு. இல்லத்தில் ஒரு முதியவர் என் கையால் உணவு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினார். அப்போது தலைமைச் செவிலியர் அவரிடம், “இவர் எங்கள் சக பணியாளர், இவரே உங்களுக்கு உணவு தருவார்” என்று அமைதியாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். மூன்றாம் வாரம் அம்முதியவர் என் பெயரைக் கேட்டார். வெறுப்பு எல்லா நாட்டிலும் உண்டு. அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறார்களா, எழுந்து நின்று தடுக்கிறார்களா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அந்நகரத்து நடைபாதையில் ஆங்காங்கே கையளவு பித்தளைத் தகடுகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். நாஜிகள் காலத்தில் அந்தந்த வீடுகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட யூதர்கள் முதலானோரின் பெயர்கள் அவை. 1990களில் தொடங்கிய இவ்வழக்கத்தில் 2023இல் கற்களின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தை எட்டியது. நம் ஊர்த் தெருக்களில் நம்மவர்க்கு நேர்ந்ததை எழுதினால் எத்தனை கற்கள் வேண்டியிருக்கும் என்று எண்ணியபடியே நான் வேலைக்கு நடப்பேன்.

இப்போது என் தவறு ஒன்றையும் ஒளியாமல் சொல்கிறேன். அருகிலிருந்த பெருநகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் அன்போடு என்னை விருந்துக்கு அழைத்தார்கள். சோற்றின் மணம் பட்டதும் என் கண் கலங்கியது. உண்டுகொண்டிருந்தபோது அக்கேள்வி வந்தது: “எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, வெளியிலயா?” ஜெர்மானியர் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. தந்தையின் பெயரை அயலார் மரியாதையோடு அழைக்கக் கேட்டுப் பூரித்த நானே, நம்மவர் முன் அவர் தெருவை மறைத்துவிட்டேன். பெட்டியில் கம்பளிச் சட்டையோடு அச்சத்தையும் மடித்து எடுத்துச் சென்றிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.

இரண்டாம் முறை அவ்வீட்டுக்குச் சென்றபோது நானாகவே சொன்னேன். சிறிது நேரம் அங்கே பேச்சில்லை. மூன்றாம் அழைப்பு வரவில்லை. வருத்தந்தான்; ஆயினும் அதன்பின் எனக்கு நன்றாக உறக்கம் வந்தது.

இது புதிய கதையன்று. ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனங்கள் என்னும் பழைய கல்விச்சாலை வளாகம் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு மிஷனரிமாரைப் பயிற்றுவித்து அனுப்பிய இடம் அது. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் அச்சேறியதும் அங்கேதான். தமிழ் ஓலைச்சுவடிகளை அங்கே கண்டபோது உள்ளம் நெகிழ்ந்தது. சீகன்பால்கு இங்கு வந்த தொடக்கத்தில், வயது முதிர்ந்த ஓர் ஆசிரியரின் மாணவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். குழந்தையாய் மாறிக் கற்றதனாலேயே அவர் இம்மண்ணில் வேரூன்றினார். நானும் அவ்வாறே முதியோர் இல்லத்துப் பாட்டிமாரிடம் சொல் சொல்லாக ஜெர்மன் கற்றேன். ஐந்து வயதுக் குழந்தைக்குத் திருத்துவது போல் அவர்கள் திருத்தினார்கள்.

ஆனால் அவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். தஞ்சைப் பகுதியில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் இருந்தார். படைவீரராயிருந்து ஊழியத்துக்கு வந்த அவர், நம் ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர். அவருக்குக் குருப்பட்டம் தரலாமா என்று மிஷனரிமார் ஆலோசித்தார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்னும் தயக்கம் வென்றது. 1741இல் பட்டம் வேறொருவருக்குச் சென்றது. ஆலயங்களில் அமரும் இடமும் சாதிவாரியாகவே பிரிந்திருந்தது. பின்னர் வந்த லைப்சிக் மிஷனும் 19ஆம் நூற்றாண்டில் சாதி வழக்கத்தைச் சபைக்குள் பொறுத்துக்கொண்டது. அவர்கள் தமிழோடு பழகினார்கள். நம் உணவோடு, வெயிலோடு பழகினார்கள். கடைசியில் சாதியோடும் பழகிவிட்டார்கள்!

எனவே, இளைஞர்களே, குடியமர்வது என்பதில் இரண்டு உண்டு. போன இடத்தின் மொழிக்கும் உணவுக்கும் குளிருக்கும் இணங்குவது ஒன்று, அது பணிவு. போன இடத்தின் அநீதிக்கும் இணங்கிப் போவது மற்றொன்று, அது வீழ்ச்சி. முன்னதைச் செய்யுங்கள். பின்னதைச் செய்யாதீர்கள்.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். முதலாவது, மொழியின் அடிப்படையைப் புறப்படுமுன்னரே கற்றுக்கொள்ளுங்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்புகள் உண்டு. இரண்டாவது, முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, தங்கும் அனுமதி ஆகியவற்றின் தாள்களை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, தனிமை வந்தால் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள்; ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், தெரு வெறிச்சோடியிருக்கும், அன்றுதான் தனிமை மிகும் என்பதை முன்னரே அறிந்திருங்கள். நான்காவது, தாங்க இயலாத நடத்தை எதுவாயினும் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். சகித்துக்கொள்வது நம் பரம்பரைக் கடமையன்று. ஐந்தாவது, எவர் கேட்டாலும் உங்கள் தெருவின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகரில் கால் வைத்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவரும் புதிய உணவுக்கும் குளிருக்கும் பழகத்தான் வேண்டியிருந்தது. அங்கே தாம் கண்ட சமமான நடத்தையைத் தம் ஒருவருக்கான இன்பமாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து அதை நம் அனைவருக்குமான உரிமையாகக் கேட்டார். அயல்நாடு செல்வதன் பயன் அதுதான்.

ஆண்டு முடிந்து புறப்பட்ட நாளில் அஞ்சல் பெட்டியிலிருந்த அந்தச் சிறு தாளைக் கழற்றி எடுத்து வந்தேன். தந்தையார் அதைக் கையில் வாங்கி, “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். “உங்க பேருதாம்ப்பா” என்றேன். அன்று முதல் இக்கழகத்தின் முதியோர் வகுப்புக்கு அவர் வந்துகொண்டிருந்தார். தம் பெயரை இப்போது அவரே எழுதுவார்.

 கழகம் பொன்விழாக் காணட்டும். அன்று இம்மேடையில் இந்நாட்டைப் பற்றியும், நாம் இங்கே சமமாகக் குடியமர்ந்ததைப் பற்றியும் நம் பிள்ளைகள் பேசட்டும்.